இஸ்திரி போட்ட பாடப்புத்தகம்

நாளை மாத்தளையிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார். அதனால் நான் படிப்பிக்கும் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இன்று ஒரே துப்புரவு.

கண் தெரியாத மரகதத்திடம் இருப்பது ஒரே புத்தகம். விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்துப் புத்தகம். தாளெல்லாம் கரடுமுரடாக இருக்கிறதென்று பெரிய வாத்தியார் அதை வாங்கிப்போய், கரி இஸ்திரிப் பெட்டியால் பக்கம் பக்கமாக அழுத்தித் தேய்த்துக் கொடுத்தார்.

மரகதம் தடவினாள். பக்கத்தைத் திருப்பித் தடவினாள்.

"சேர், இதுல ஒண்ணுமே இல்லீங்களே."

"படிச்சதெல்லாம் அதுக்குள்ள மறந்துபோச்சா, புள்ள?" என்றார் பெரிய வாத்தியார்.

அந்தப் புள்ளிகள்தான் எழுத்து என்று நான் அவரிடம் சொன்னேன்.

"இப்பதான் தம்பி, புத்தகம் மாதிரி இருக்கு" என்றார்.

நாளை வாசிக்கச் சொன்னால் அவள் வெறும் தாளைத் தடவிக்கொண்டு நிற்பாள். வாசிக்கத் தெரியாதவள் என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொள்வார். பள்ளிக்கூடம் சுத்தம் என்றும் எழுதுவார்.

உங்கள் பக்கம் இன்ஸ்பெக்டருக்காகத் துப்புரவு செய்யும்போது பிள்ளைகளுக்கு எதையாவது மிச்சம் வைக்கிறார்களா?