மருந்து வாளியும் பவளத் தொட்டியும்

அந்தப் பல் ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை மீன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர் ஆயுசில் ஒரு மீன் விற்றதில்லை. கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிப்பதுதான் பிழைப்பு, ஒத்தாசைக்கு மனைவி.

அங்கே இரண்டு தொட்டிகள். கூடத்தில் இருப்பது வெறும் மீன் தொட்டி. சாதாரண விளக்கும் பெரிய வடிகட்டியும் இருந்தால் காலம் ஓடிவிடும். உள்ளறையில் இருப்பது பவளத் தொட்டி. அதற்கு வெயிலுக்குப் பதில் நீல விளக்கு, அலையடிக்க மோட்டார், நுரை கிளப்பி அழுக்கைப் பிரிக்க ஒன்று, சொட்டுச் சொட்டாய்ச் சுண்ணாம்புச் சத்து விட இன்னொன்று. "மீனுக்கு வீடு போதும், பவளத்தப் புது மாப்பிள்ளை மாதிரி கவனிக்கணும்" என்பார்.

கூடத்து மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய். செம்பு மருந்து கலந்திருந்தார். மீனைக் காப்பாற்றும் அதே மருந்து பவளத்துக்கு எமன். அதனால்தான் மருந்துத் தண்ணீருக்குச் சிவப்பு வாளி, பவளத்துக்கான புதுத் தண்ணீருக்கு நீல வாளி. சிவப்பு வாளியைப் பின்பக்கம் கொட்டக் கொண்டுபோகும் வழியில், உள்ளறையிலேயே வைத்துத் தொலைத்தார்.

பவளத் தொட்டியில் ஒரு வாளியைக் கவிழ்த்த மறுகணமே சந்தேகம் தட்டியது. எந்த வாளி? நீல விளக்கடியில் அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. சன்னலருகே தூக்கிப் பார்த்தார்; அங்கேயும் அதே கதைதான். கொஞ்ச காலமாகவே நிறங்கள் அவருக்குப் பிடிகொடுப்பதில்லை. மனைவியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் தொழிலுக்கு முழுக்குப் போடச் சொல்லிவிடுவாள் என்ற பயம்.

தொட்டிக்குள் இறால் ஒன்று துள்ளித் துள்ளிக் கண்ணாடியில் மோதியது. மருந்தாலா, தண்ணீர் விழுந்த மிரட்சியாலா?

சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்துச் சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டார். செம்பு இருந்தால் நீலம் ஏறும். சன்னல் வெளிச்சத்தில் கிட்டே பிடித்தார், தள்ளிப் பிடித்தார், ஒன்றும் புரியவில்லை. இறால் ஒருபக்கமாய்ச் சரிந்தது. வாயை மூடிக்கொண்டால் கண் விஷயம் வெளியே வராது. தொட்டி செத்துவிடும்.

"இங்க கொஞ்சம் வாயேன்" என்றார்.

கூடத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவள் வந்தாள்.

"இது என்ன கலரு?"

"விளையாடுறீங்களா? நல்ல நீலம்."

சொன்னவள் அவர் முகத்தைப் பார்த்தாள், காலி வாளியைப் பார்த்தாள். இறாலை அள்ளி நீல வாளியில் விட்டாள். பவளங்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து அதே தண்ணீரில் இறக்கினாள். காற்றுக்குழாயை அவளே பொருத்தினாள். வெகுநேரம் கழித்து இறால் காலை அசைத்தது.

"எத்தனை நாளா?"

"இப்பக் கொஞ்ச நாளாத்தான்."

"காலையில நம்ம பாப்பாவ வண்டியில முன்னாடி நிக்க வச்சுத்தானே ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?" அவள் குரல் உடைந்தது. "சிக்னல்ல எப்படி நின்னீங்க?"

"முன்னாடி நிக்கிற வண்டியப் பாத்து."

"முன்னாடி வண்டி இல்லேன்னா?"

அவர் வண்டிச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.