மெரூன் தாவணி

மெரூன் என்ற சொல் பிரெஞ்சுக்காரர்கள் தின்கிற ஏதோ ஒரு கொட்டையின் பெயரிலிருந்து வந்ததாம். கல்லூரி அகராதியில் படித்தபோது எரிச்சல்தான் வந்தது. காஞ்சிபுரத்தில் அந்தக் கொட்டையை யார் கண்டார்கள்? அந்த நிறத்தால் என் படிப்பே நின்றுபோக இருந்தது.

ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளைப் பாவாடை, மெரூன் தாவணி என்றார்கள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை.

“அப்டின்னா இன்னா கலரு?” என்றார் அப்பா.

“அரக்கு மாதிரிப்பா.”

எங்கள் தெருவில் அரக்கு என்றால் முகூர்த்தப் புடவை. அம்மா முகம் சுளித்தாள். “கண்ணாலப் பொண்ணு கட்றத கட்டிக்கினு பள்ளிக்கூடமா? சரியா வரலேன்னா தறியாண்ட வந்து குந்து.”

கடையில் வாங்கலாம் என்றேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நெசவுக்காரன் பொண்ணு மில்லு துணி கட்டுவாளா?” புடவை நெய்து முடித்தபின் தறியில் மிஞ்சிய பாவு நூலில், பல புடவைகளில் மீந்த அரக்குப் பட்டு நூலைக் குறுக்கே ஊடையாக ஓட்டி, அவரே ஒரு தாவணி நெய்தார். வீட்டுக்குள் பார்க்க ஒரே நிறமாய் இருந்தது.

காலைப் பிரார்த்தனைக்கு வெயிலில் நின்றபோதுதான் தெரிந்தது. ஒரு புடவையின் அரக்கு இன்னொன்றின் அரக்கு இல்லை. ரத்தச் சிவப்பு, பீட்ரூட், காப்பிக்கொட்டை என்று பட்டை பட்டையாக என் தோளில் மின்னின.

“இன்னைக்கு உனக்கு நிச்சயதார்த்தமா?” என்றார் டீச்சர். வரிசை முழுவதும் சிரித்தது. “இதுல எதும்மா மெரூன்?”

“எல்லாமே மெரூன்தான் டீச்சர்.”

“வாயப் பாரு. மத்தியானத்துக்குள்ள வேற தாவணியோட வா. இல்லேன்னா கிளாசுக்கு வராதே.”

வீட்டுக்குப் போனால் அம்மா திரும்ப விடமாட்டாள். வகுப்புக்கு வெளியே நின்றேன், நடந்தேன், மறுபடி நின்றேன். உள்ளே கணக்கு நடந்துகொண்டிருந்தது. விடை எனக்குத் தெரிந்தது, சொல்ல முடியவில்லை.

இடைவேளையில் ஜவுளிக்கடைக்காரர் மகள் வந்து என் முந்தானையைத் தடவிப் பார்த்தாள். என் வகுப்புதான்.

“அசல் பட்டாடி? எனக்குக் குடேன். என்னுத நீ கட்டிக்கோ. நான் மத்தியானத்துக்குள்ள எங்க கடையில வேற எடுத்துப்பேன்.”

இரவல் என்றால் மறுத்திருப்பேன். இது பண்டமாற்று. சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் மாற்றிக்கொண்டோம். அவளுடையது அக்கா கட்டிய மில் துணி; துவைத்துத் துவைத்து வெளுத்து, காய்ந்த செங்கல் நிறத்தில் இருந்தது. மத்தியானம் டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ம், இதுதான் மெரூன்” என்றார். உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அப்பா தறியிலிருந்து நிமிர்ந்தார். என் தோளைப் பார்த்தார். துணியின் ஓரத்தை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தார், பிறகு விட்டார்.

“என்னுது எங்க?”

சொன்னேன். அவர் கையில் ஊடை ஓட்டும் நாடா அப்படியே இருந்தது.

“உள்ள உக்கார வச்சாங்களா?” என்று கடைசியில் கேட்டார்.

“வச்சாங்கப்பா.”

தறி மறுபடி ஓடத் தொடங்கியது. நான் கணக்குப் புத்தகத்தை எடுத்தேன்.