ஒரு சாக்குக் கரிசல்

இருளப்பசாமி என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு வசவுக்குள்தான். பக்கவாதம் வந்த என் தங்கை கனகலட்சுமியை அருப்புக்கோட்டைக்கு வெளியே, கை கால் விழுந்தவர்களைத் தேற்றிவிடுகிற ஒரு வைத்திய இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போனேன். வலது கை நனைந்த துணி மாதிரிக் கிடந்தது. வாய்க்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை. "அந்த இருளப்பசாமி வெளங்குவானா. உசுரோட இருக்கவளுக்கு மண்ணு கேட்டுருக்கான்" என்றாள்.

நடந்தது இதுதான். அந்த இல்லத்தின் தோட்டத்தில் வேம்படியில் ஒரு பாத்தி உண்டு. இல்லத்தில் இறந்துபோனவர்களின் வீட்டார் அவரவர் உழுத காட்டிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து அதில் போடுவார்கள். பழைய கோயிலில் பிடிமண் எடுத்துவந்து சாமிக்குப் புதுக்கோயில் கட்டுகிறோமே, அதைப் பார்த்துத் தோட்டம் போட்ட இருளப்பசாமி செய்த ஏற்பாடு. கல்லில் பேர் வெட்டி வைத்தால் கட்டிலில் கிடப்பவர்கள் பயப்படுவார்கள், மண்ணைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. தங்கை மகன் சின்னத்துரை, யாரோ மண் போடுவதைப் பார்த்துவிட்டு, ஆதார் அட்டை மாதிரி இதுவும் சேர்க்கைக்குக் கேட்கிற சாமான் என்று நினைத்துவிட்டான். ஒரு பிடி என்ன பிடி என்று, சிமெண்டுச் சாக்கு நிறையக் கரிசலைக் கட்டி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுவந்து அம்மா கட்டிலுக்கு அடியில் வைத்தான். அது எதற்கு உள்ள மண் என்று தெரிந்ததும், வசவு மகனைத் தாண்டி இருளப்பசாமி மேல் விழுந்தது.

ஆளைப் பார்த்துப் பேசியபோதுதான் எனக்கு விளங்கியது. என் தாய்மாமன் மகள் ராக்கம்மாளுக்கு இரண்டாவது பையன்; எங்களுக்கு மருமகன் முறை. ஐம்பது வயதில், வேலிக்கருவை மாதிரி வற்றலான உடம்பு. ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் என்று தோட்டம் போடுவதுதான் தொழில். முதல் நாள் மண்வெட்டியைத் தொடமாட்டார். காலிக் கட்டிலில் ஏறிப் படுத்து, ஜன்னலில் என்ன தெரிகிறது என்று பார்ப்பார். ஒருமுறை அப்படியே தூங்கிப்போய், நர்ஸ் ஊசியோடு வந்து நின்றபோதுதான் எழுந்தாராம். சக்கர நாற்காலியில் தானே உருண்டு போய், சக்கரம் சிக்குகிற இடத்தில் கல்லைப் பெயர்ப்பார். நடக்கிற பெரியவர் எந்த இடத்தில் மூச்சு வாங்கி நிற்கிறாரோ, அங்கே ஒரு பெஞ்சு.

புல்தரை வேண்டும் என்று கேட்பவர்களைப் பற்றி என்னிடம் சொல்லிச் சிரிப்பார். "புல்லுக்கு ஊத்துற தண்ணியில நாலு வேம்ப ஆளாக்கிருவேன் அத்தை. நம்ம சனம் புல்லப் பாத்தா களைன்னுதான் நெனைக்கும்."

முறை தெரிந்த பிறகும் கனகலட்சுமியின் வசவு குறையவில்லை. அவள் வீம்பும் குறையவில்லை. இடக்கையால் சோறு தின்ன மாட்டேன் என்றாள். ஊட்டினால் தலையைத் திருப்பிக்கொண்டாள். வெறும் கஞ்சித் தண்ணியில் உடம்பு கரைந்துகொண்டிருந்தது. பயிற்சி கொடுக்கிற பெண் ரப்பர் பந்தைக் கையில் வைத்தால், நான் என்ன பச்சப்புள்ளையா என்று உருட்டிவிட்டாள். கை திரும்பாவிட்டால் அந்த மண் நிஜமாகவே வேம்படிக்குப் போய்விடும் போலிருந்தது.

இருளப்பசாமி சாக்கைத் திருப்பி அனுப்பவில்லை. நீல டிரம் ஒன்றை நெடுக்கே அறுத்து, கனகலட்சுமி உட்கார்ந்தால் கைக்கு எட்டுகிற உயரத்தில் அவள் முன்னால் நிறுத்தி, மண்ணை அதில் கொட்டினார். கட்டிகளை உடைக்கவில்லை. அப்படியே பருத்தி விதையைக் கையில் எடுத்தார்.

"ஏய்யா, கட்டி உடைக்காம எவன் வெத ஊனுவான்? ஒங்கப்பன் காடு ஒழுத சம்சாரிதானா?"

"எனக்கு நேரமில்ல அத்தை. வேணும்னா நீங்க ஒடைங்க."

இடக்கையால் அழுத்தினாள், கட்டி நழுவி உருண்டது. நழுவாமல் அண்டைகொடுக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. விழுந்த கையைத் தூக்கி மண்ணுக்குள் போட்டு, அதில் முட்டுக்கொடுத்து நொறுக்கினாள். மறுநாளும் அவர் பெரிய கட்டியாகப் பார்த்துப் போட்டார். தினமும் வசவு விழுந்தது, வகைவகையாக. மூன்றாவது வாரம் வலது கட்டைவிரல் தானாக ஒரு கட்டியை அழுத்தியதைப் பயிற்சிப் பெண்தான் முதலில் பார்த்தாள். டிரம்மில் பருத்தி காய் பிடிக்கும் முன்னே கனகலட்சுமி வீடு வந்து சேர்ந்தாள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இருளப்பசாமி இப்போது கனகலட்சுமி வீட்டில், இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவள் வலக்கையில் கரண்டி பிடித்துக் குழம்பு ஊற்றுகிறாள். பாதி சோற்றில் விழுகிறது, பாதி அவர் வேட்டியில். அவர் வேட்டியைத் தட்டிவிடவில்லை. இன்னொரு கரண்டிக்கு இலையை அவள் பக்கம் நகர்த்துகிறார்.