அரிக்கேன் பட்டதும் மறைந்த முகம்

"லைட்டு எரிஞ்சா படம் வெளிறிப் போகும்மா. அணைச்சிரவா?" ப்ரொஜெக்டரைப் போட்டுவிட்டு மகன் கேட்டான்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்த யுத்த சமயம், எங்கள் ஊர் பரளச்சிப் பொட்டலில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க வந்தவர்கள், வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டினார்கள். சிப்பாய்கள் நடந்து போனார்கள்.

"ஏ புள்ள, அந்தா போறது உங்கப்பா மாதிரில்ல இருக்கு!" என்றாள் அம்மா.

பட்டாளத்திலிருந்த அப்பாவிடமிருந்து தகவலே இல்லாத நேரம். முகத்தை நல்லாப் பார்க்க, அம்மா அரிக்கேன் விளக்கைத் தூண்டிக்கொண்டு திரைக்கு ஓடினாள். வெளிச்சம் பட்டதும் முகங்களெல்லாம் மறைந்தன.

"ஏத்தா, விளக்க எறக்கு!" கூட்டம் கத்தியது. இறக்குவதற்குள் சிப்பாய்கள் போய்விட்டார்கள்.

"வெளிச்சம் காட்டுனா மூஞ்சி தெரியணும்ல? ஏன் மறஞ்சிச்சு?" வீடு வரைக்கும் அம்மா என்னைத்தான் கேட்டாள்.

அப்பா திரும்பவில்லை. அது அவர்தானா, எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"என்னம்மா, அணைக்கவா?"

"அணைச்சிருய்யா. பொட்டு வெளிச்சங்கூட வேணாம்."