சத்தம் போடாத அலாரம்

சிவப்பைக் கண்டால் அவளுக்கு ஈரக்குலை நடுங்கும். பள்ளியில் விடைத்தாளின் சிவப்பு மை. வேலைக்கு வந்தபின், எழுதிய நிரலில் பிழை பார்க்கும் கம்பைலர் திரையில் காட்டும் சிவப்புக் கோடு. அரும்பாடுபட்டாவது அதைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். அதனால் அலுவலகத்தில் அவள் பெயர் பச்சையக்கா. கேலிதான், ஆனாலும் உள்ளூர அவளுக்குப் பெருமை.

குறைமாதக் குழந்தைகளை வைக்கும் சூட்டுப் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுவது அவள் வேலை. சூடு, ஈரம் என எல்லாவகை அளவுகளுக்கும் பொதுவாக, 'தாய் வகுப்பு' என்று ஒரு மூல நிரல் உண்டு. அதிலுள்ள 'சரிபார்' மெத்தட், அதாவது கட்டளைத் தொகுப்பு, வெறும் கூடு; ஒன்றும் செய்யாது. தாயிலிருந்து பிறக்கும் வாரிசு வகுப்பில் அதை மாற்றி எழுதி, சூடு மிஞ்சினால் அலாரம் அடிக்க வைக்க வேண்டும். தாய் 'எந்த அளவும்' வாங்கும் என்றிருக்க, இவள் 'வெப்ப அளவு மட்டும்' என்று எழுதிவிட்டாள். இது மாற்றி எழுதியதாகாது என்று கம்பைலர் மல்லுக்கு நின்றது. போன வாரம், கிளம்பும் அவசரத்தில், மெத்தட்டின் தலையில், 'தாயினதை மாற்றி எழுதுகிறேன்' என்று சொல்லும் 'ஓவர்ரைடு' என்ற ஒற்றைச் சொல்லை அழித்தாள். சிவப்பு போயே போய்விட்டது.

இன்று அதையே வேறொரு பெட்டிக்கு நகலெடுக்கும்போதுதான் உறைத்தது. அந்தச் சொல் போனதும், பெயர் மட்டும் ஒத்த தனி மெத்தட் என்று கம்பைலர் எடுத்துக்கொண்டுவிட்டது. பெட்டி கூப்பிடுவதோ தாயின் வெற்றுக் கூட்டைத்தான். நாற்பது டிகிரி கொடுத்துப் பார்த்தாள். அலாரம் மூச்சுவிடவில்லை.

"சார், நேத்து ஆஸ்பத்திரிக்குப் போன அப்டேட்டு..."

"கம்பைல் ஆச்சுல்ல? அப்புறம் என்ன பயம்?" மேலாளர் தலையே நிமிரவில்லை. அவரைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் பேசினால் வேலை போய்விடும். ஆனாலும் ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தி, பெட்டிகளில் அலாரம் அடிக்கிறதா என்று கேட்டாள்.

"புது அப்டேட் வந்ததுலேர்ந்து நிம்மதியா இருக்குங்க," என்றாள் நர்ஸ். "சத்தமே இல்ல."

"சிஸ்டர், ஒவ்வொரு குழந்தையையும் தொட்டுப் பாருங்க. இப்பவே!"

செருப்புகள் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு குழந்தை வீறிட்டது. பிறகு இன்னொன்று. கடவுளே, எல்லாம் அழட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

"ஒண்ணுக்கு மட்டும் உடம்பு கொதிக்குதுங்க. வெளிய எடுத்துட்டோம், டாக்டர் பாக்குறாரு. ஆமா, நீங்க யாரு?"

சொல்லாமலே வைத்துவிடலாம். மேலாளர் இப்போது இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அலாரத்தோட வாயை அடைச்சவ நான்தாங்க," என்றாள். "நான் சொல்ற வரைக்கும் பெட்டியை நம்பாதீங்க. பக்கத்துலயே நில்லுங்க."