சட்டசபை நாற்காலிகளை அறுத்த கவர்னர்

அபைஜா ஹாஸ்கெலுக்கு நாற்காலி செய்யத் தெரியும், விற்கத் தெரியும். பேச மட்டும் வராது. ஸ்டோன்ஃபர்ட் ஊரின் ஆற்றோரத்தில் இருந்த அவருடைய பட்டறையில் நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். அந்த மாநிலத்தில் பாதிப் பேர் அவர் செய்த நாற்காலியில் உட்கார்ந்துதான் ஜெபம் செய்தார்கள். மீதிப் பேர் அதில் உட்கார்ந்து ஜெப நேரத்தில் தூங்கினார்கள்.

1874-ம் வருடம் கட்சி மாநாட்டில் கவர்னர் வேட்பாளர் இடத்துக்கு இரண்டு வக்கீல்கள் முட்டிக்கொண்டார்கள். முப்பத்தோரு தடவை ஓட்டெடுத்தும் முடிவு வரவில்லை. மூன்றாம் நாள் பசி தாங்காத ஒருவர் எழுந்தார்.

"இவங்க ரெண்டு பேரையும் பாதிப் பேருக்கு ஆகாது. யாருக்கும் பகையில்லாத ஆளு ஒருத்தரைச் சொல்லுங்கப்பா, சாப்பிடப் போவோம்."

கடைசி வரிசையில் ஹாஸ்கெல் தன் நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு, அதன் ஆட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். கைதட்டல் கேட்டு நிமிர்ந்தபோது வேட்பாளராகியிருந்தார்.

"கவர்னர்னா பேசணுமேங்க?" என்றாள் மனைவி லவீனா.

"மத்தவங்க பேசுவாங்க. நான் உக்காந்திருப்பேன்."

"அதைத்தான் வீட்டுலயும் செய்யிறீங்க. சரி, போயிட்டு வாங்க."

ஜெயித்துவிட்டார். பதவியேற்பு அன்று கவர்னர் நாற்காலி கிறீச்சிட்டது. அவருக்கு அது பல்வலி மாதிரி. "ஒரு நிமிஷம் ஐயா, முளை கழண்டிருக்கு" என்று அதைப் புரட்டிப்போட்டு, ஒரு பூட்ஸைக் கழற்றி, குதிகாலால் தட்டினார். தலைமை நீதிபதி பைபிளைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு காலில் பூட்ஸோடுதான் சத்தியப்பிரமாணம்.

சட்டசபையில் ரூஃபஸ் கிரம்ப் என்றொரு உறுப்பினர் இருந்தார். ஆட்டு வேலி எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்று மூன்று நாளாகப் பேசிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் மெத்தை நாற்காலியில் சொகுசாகத் தூங்கினார்கள். மேல்மாடத்திலிருந்து பார்த்த ஹாஸ்கெலுக்கு, பேசுகிறவர் மேல் கோபம் வரவில்லை. கோளாறு நாற்காலியில் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு எல்லோரும் தேவாலயம் போனபோது அவர் ரம்பத்தோடு சட்டசபைக்குப் போனார். மாலைக்குள் அறுபத்திரண்டு நாற்காலிகளிலும் முன்னங்கால்களை ஓர் அங்குலம் குறைத்துவிட்டார். ஆராதனைக்குப் போகாமல் விட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, கொஞ்சம் உறுத்தியது.

திங்கட்கிழமை உட்கார்ந்தவர்களெல்லாம் மெல்ல மெல்ல முன்பக்கம் வழுக்கினார்கள். தூங்க முடியவில்லை. கெண்டைக்கால் வலித்தது. கிரம்ப் நின்றுகொண்டு பேசியதால் அவருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

"கிரம்ப், வேலி நாலடியா அஞ்சடியா? சொல்லிட்டு உக்காருய்யா" என்றார் ஒருவர்.

"உக்காரத்தான் முடியலையே" என்று பக்கத்திலிருந்தவர் முனகினார்.

வெள்ளிக்கிழமைக்குள் தேங்கிக்கிடந்த நாற்பத்தொரு மசோதாக்களும் நிறைவேறிவிட்டன. அதில் ஒன்று என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கடைசியில் கிரம்பும் உட்கார நேர்ந்தது. வழுக்கித் தரைக்கு வந்தவர் அளவுகோல் வாங்கிவந்து அளந்தார். சபை நடுவே நின்று மேல்மாடத்தைப் பார்த்து, "கவர்னரய்யா, அரசாங்கச் சொத்தை அறுத்தது யாரு?" என்று முழங்கினார்.

ஹாஸ்கெலின் காதுகள் சிவந்தன. எழுந்து, அவர் வாழ்நாளிலேயே நீளமான பிரசங்கத்தைச் செய்தார்: "நான்தான் அறுத்தேன். ரம்பம் என்னோடது. தூளையும் பெருக்கிட்டேன்."

விசாரிக்க ஏழு பேர் குழு அமைத்தார்கள். அவர்களும் அதே நாற்காலிகளில்தான் உட்கார்ந்தார்கள். பதினோரு நிமிடத்தில் கவர்னர் நிரபராதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

பதவிக்காலம் முடிந்ததும் இன்னொரு தடவை தேர்தலில் நிற்கச் சொல்லிக் கட்சிக்காரர்கள் கெஞ்சினார்கள். "பட்டறையில வார்னிஷ் காஞ்சுபோகும்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார் ஹாஸ்கெல். ஊரார் அவரைக் கடைசிவரை கவர்னர் என்றே கூப்பிட்டார்கள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் நடந்துகொண்டே இருப்பார். லவீனாதான் நின்று பதில் சொல்வாள்.