வெர்லின் டாக்கெட்டின் ஒன்றரை வினாடி

தினமும் காலை ஆறரை மணிக்கு வெர்லின் டாக்கெட் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வார். தோட்டாக்களைக் கழற்றிச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து, துப்பாக்கி காலிதானா என்று கண்ணால் ஒரு தடவை, விரலால் துழாவி ஒரு தடவை பார்ப்பார். பிறகு செங்கல் சுவரைப் பார்த்து நிற்பார். கட்டில் மேல் இருக்கும் சின்ன டைமர் 'பீப்' என்று கத்தும். இடது கை சட்டையைத் தூக்கும். வலது கை இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவும். ஒன்றரை வினாடி. மறுபடி உறைக்குள் வைத்து, மறுபடி பீப். ஐம்பது தடவை. இரண்டு வருஷமாக ஒரு நாள் தப்பியதில்லை. டெக்சாஸில் இப்படி ஒழுங்காகப் பல் துலக்குகிறவர்களே குறைவு.

இத்தனைக்கும் அவருக்கு விரோதி என்று யாரும் கிடையாது. வீடு வீடாகப் போய் கராஜ் கதவு மாட்டித் தருகிறவர். ஐம்பத்தெட்டு வருஷ வாழ்க்கையில் அவரைத் தாக்கியது பக்கத்து வீட்டு வாத்து ஒன்றுதான். அதையும் மனைவி லொரெட்டாதான் துடைப்பத்தால் விரட்டினாள்.

அவருடைய ஆசையெல்லாம் சர்ச் காவல் குழுவில் ஓர் இடம். எவனாவது உள்ளே புகுந்து சுட்டுவிடுவானோ என்ற பயத்தில் அந்தப் பக்கத்துச் சர்ச்சுகளில் இப்படி ஒரு குழு உண்டு. கோட்டுக்குள் துப்பாக்கியும் காதில் வயருமாக வாசலில் நிற்கும் ஐந்து பேரில் ஒருவர் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டதால் ஓர் இடம் காலி. இருபத்தாறு வருஷமாக அந்தச் சபையில் வெர்லினை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. அந்த வலி உள்ளே இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிடும்போது, குழுத் தலைவர் டப் ஹார்கிஸ் புதிய ஆளின் பெயரைச் சொல்வதாக இருந்தார்.

அன்று காலையும் பீப் கேட்டது.

"ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டியா?" என்றாள் லொரெட்டா, கதவுக்கு வெளியிலிருந்து.

"கெட்டவனுக்கு லீவு உண்டா?"

"நம்ம ஊருக்கு வர்ற கெட்டவன் வழியில ரெண்டு தடவை பெட்ரோல் போடணும். நீ நிதானமா சாப்பிட்டுட்டே வரலாம்."

"எல்லாம் உனக்காகத்தான், லொரெட்டா."

கிளம்பும்போது முறைப்படி தோட்டாக்களை நிரப்பி, துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

சர்ச் கூடத்தில் நீள மேசைகளில் கோழி வறுவலும் உருளைக்கிழங்கு சாலடும் நிறைந்திருந்தன. எல்லோரும் தட்டும் கையுமாக நின்றார்கள். டப் தொண்டையைச் செருமினார். வெர்லின் வயிற்றை உள்ளே இழுத்து நிமிர்ந்து நின்றார்.

அப்போது சமையலறையில் ஓவன் 'பீப்' என்று கத்தியது.

தட்டு தரையில் விழுந்து உடைந்தது. சட்டை மேலே போயிற்று. வெள்ளை வெளேரென்று தொப்பை தெரிய, இரண்டு கையிலும் துப்பாக்கியோடு நின்றார் வெர்லின். எதிரே செங்கல் சுவர் இல்லை. பீன்ஸ் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு லொரெட்டா நின்றிருந்தாள்.

டப் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

"பிரதர் வெர்லின்," என்றார் டப், தூங்கும் குழந்தையின் பக்கத்தில் பேசுகிற குரலில். "கை வேகமாத்தான் இருக்கு. மெதுவா கீழ இறக்குங்க. ஆங், அப்படியே. இப்ப என்கிட்ட குடுங்க."

கொடுத்தார். டப் தோட்டாக்களைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, காலித் துப்பாக்கியைத் திருப்பித் தந்தார்.

கேக் சுட்ட ஒடெல்லா அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "கேக் வெந்துடுச்சுன்னு சொல்லுதுப்பா, அவ்வளவுதான். அதுவா சரணடைஞ்சிரும்."

சிரித்தார்கள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகச் சபையே அவரைத் திரும்பிப் பார்த்தது. புதிய காவலராக டப் வேறொருவர் பெயரைச் சொன்னார். அது வெர்லின் காதில் சரியாக விழவில்லை.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் வெர்லின் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"விசையில நான் விரல் வைக்கல, லொரெட்டா. விரல் வெளியிலதான் இருந்துச்சு. கடைசி வரைக்கும் வைக்கல. யாராவது அதை கவனிச்சாங்களா?"

"நான் கவனிச்சேன்," என்றாள் அவள். மடியில் இருந்த பீன்ஸ் பாத்திரத்தை இன்னும் இறுகப் பிடித்திருந்தாள். "வேற எதையும் பார்க்கல. அந்த விரலை மட்டுந்தான் பார்த்துட்டு நின்னேன்."